கடைசியாக மிஞ்சிய சாமி

தில்லியில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு தொடர் ஓட்டம் நடத்தினார்கள். வசதியான தனியார் பள்ளி மாணவர்களைக் கூப்பிட்டு, உன் அணிக்கு யார் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு பக்கம் நன்றாக ஓடுகிற பிள்ளை, ஏழை வீடு. இன்னொரு பக்கம் அந்த அளவுக்கு வேகமில்லாத பிள்ளை, ஆனால் இவர்களைப் போலவே வசதியான வீடு. யாருடைய வேகம் என்ன என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஜெயித்தால் ரொக்கப் பரிசு. தேர்ந்தெடுத்த கூட்டாளியோடு பிறகு கொஞ்ச நேரம் சேர்ந்திருந்து விளையாட வேண்டும் என்பதும் உண்டு.

பரிசு சிறிதாக இருந்தபோது கணிசமான பிள்ளைகள் வேகத்தை விட்டுவிட்டுத் தங்களைப் போன்றவரையே பிடித்துக்கொண்டார்கள். தோற்றாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளையோடு சேர முடியாது. பரிசுத் தொகை ஏற ஏற இந்த ஒதுக்கல் தேய்ந்துகொண்டே வந்தது. பெரிய தொகை என்று ஆனதும் ஏறக்குறைய எல்லாருமே வேகமாக ஓடுகிற பிள்ளைதான் வேண்டும் என்றார்கள்.

கவுதம் ராவ் என்ற பொருளியல் ஆய்வாளர் செய்த வேலை இது. 2019இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளிவந்தது. தில்லியின் பல தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று 2007இல் ஒரு விதி வந்திருந்தது. அதனால் ஒரே பள்ளிக்குள் இரண்டு வகைப் பிள்ளைகள் உருவானார்கள். விதிக்குப் பின் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர்கள் ஒரு வகை. அதற்கு முன்பே சேர்ந்து, தங்களுக்குள்ளேயே படித்து மேல் வகுப்புக்குப் போய்விட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கலந்து படித்தவர்களுக்கு அடுத்தவருக்குக் கொடுப்பதில் கை தாராளமாகியிருந்தது. ஏழைப் பிள்ளைகளோடு விளையாட அழைத்தால் சுணங்காமல் போனார்கள். பந்தயத்திலும் ஒதுக்கல் குறைந்தது. சரி, நஷ்டம் என்ன? கணக்குப் பாடத்தில் நஷ்டமில்லை. இந்தியில் இல்லை. ஆங்கில மதிப்பெண் சற்றே இறங்கியது. வகுப்பில் கெட்ட வார்த்தை கொஞ்சம் கூடியது.

மொத்த பில் இவ்வளவுதான். ஒரு பக்கம் மனிதரை மனிதராகப் பார்க்கும் பழக்கம், மறுபக்கம் ஆங்கிலத்தில் சில மதிப்பெண்ணும் சில வசைச் சொற்களும். இதை நம் ஊர்ப் பெற்றோர் முன் நீட்டினால் அவர்கள் கண் எந்த வரியில் போய் நிற்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைக்கு மூன்று வயது முடிந்த வீடுகளில், அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் மதிப்பெண், ஆங்கிலம், ஒழுக்கம் என்று மூன்றைச் சொல்வார்கள். இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பலதரப்பட்ட பிள்ளைகளோடு பழக வேண்டுமாம். “எங்க ஸ்கூல்ல இந்தியா முழுக்க இருக்குங்க. பெங்காலி, குஜராத்தி, மலையாளி, ஏன், அவ க்ளாஸ்ல ஒரு கொரியாக்காரப் பொண்ணுகூட இருக்கா” என்கிறார் ஓர் அம்மா. ஹூண்டாய் வந்த நாளிலிருந்து கொரியர்கள் சென்னைக்குப் புதியவர்கள் இல்லை. அந்தப் பெண் குழந்தையோடு இவர் மகள் பழகுவதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் வங்காளியும் குஜராத்தியும் மலையாளியும் கொரியரும் இவரும் ஒரே தேதியில் ஒரே தொகையை ஃபீஸாகக் கட்டுகிறார்கள். ஐந்து மொழி, ஐந்து சமையல், ஒரே வருமானம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த பிள்ளையோடு பழகலாம். இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவின் பிள்ளை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, அதோடு பழக முடியாது.

அரசுப் பள்ளிப் பக்கம் நின்று பேசுகிறவர்களும் ஒன்றை மிகைப்படுத்துகிறார்கள். “எங்க ஸ்கூலுக்கு வந்து பாருங்க, எல்லாச் சாதியும் ஒண்ணா உக்காந்து படிக்குது” என்பார்கள். எல்லாரும் என்றால் யார்? தாசில்தார் பிள்ளை இருக்கிறதா? பல கிராமங்களில் காலையில் மஞ்சள் வேன் வந்து ஊர்த்தெருப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மிஞ்சுவது காலனிப் பிள்ளைகளும், வேனுக்குப் பணம் கட்ட முடியாத சில வீட்டுப் பிள்ளைகளும். கொஞ்ச காலத்தில் அதற்குக் காலனிப் பள்ளி என்றே பெயர் விழுந்துவிடுகிறது. அப்புறம், போக நினைக்கும் மீதிப் பேரும் அந்தப் பெயருக்காகவே போகமாட்டார்கள். சுவர் எழுப்பாமல், உத்தரவு போடாமல், ஒருவரையும் ஒரு வார்த்தை திட்டாமல் நடந்து முடிந்த பிரிவினை இது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “என் பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செஞ்சேன்.”

நான் கை வைக்க நினைப்பது இந்தப் பதிலின் மேல்தான்.

தமிழ்நாட்டுப் பகுத்தறிவு நூறு வருடமாக எதையும் விட்டுவைக்கவில்லை. கடவுளைக் கேள்வி கேட்டது. புரோகிதரை, தாலியை, ராகுகாலத்தை, சாஸ்திரத்தைக் கேள்வி கேட்டது. ஒரே ஒரு சந்நிதியில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அந்தச் சாமியின் பெயர் ‘என் பிள்ளை’. அதன் பெயரில் எதைச் செய்தாலும் பாவமில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை, கேட்கிறவன்தான் கொடியவன். சீர்திருத்தத் திருமணம் செய்துகொண்டவர், வீட்டில் பூஜையறை கட்டாதவர், பிள்ளைக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைத்தவர் எல்லாரும் இந்தச் சந்நிதிக்கு வந்ததும் பக்தர்களாகிவிடுகிறார்கள். மேடையில் ஒரு பள்ளி, பிள்ளைக்கு வேறு பள்ளி என்ற குற்றச்சாட்டை அரசியல்வாதிகள் ஒருவர் மேல் ஒருவர் வீசித் தேய்த்துவிட்டார்கள். தேய்ந்தது குற்றச்சாட்டு, கேள்வி அல்ல.

பெற்றோரின் விருப்பம் என்பதற்கு நம் ஊரில் நீண்ட சரித்திரம் உண்டு. 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேசியக் கல்வி கொடுப்பதற்கென்று, காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் வாங்கித் தொடங்கிய இடம். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். விஷயம் வெளியே வந்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தபோது சொல்லப்பட்ட சமாதானங்களில் ஒன்று, பெற்றோரின் விருப்பத்தைத் தட்ட முடியாது என்பது. ஐயர் சாதாரண ஆள் அல்ல. துப்பாக்கி ஏந்தத் துணிந்த தேசபக்தர், கம்பனில் தோய்ந்தவர். அப்படிப்பட்டவரும் இரண்டு பெற்றோரின் முகம் கோணக் கூடாது என்ற இடத்தில் தடுமாறினார்.

நூறு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற ஊரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒரு பிரச்சினை. சமைத்த பெண் தலித் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட வேண்டாம் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதே வாரங்களில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் இதே கதை, அங்கே ஆட்சியர் போய்ச் சாப்பிட்டார். இந்தச் செய்திகளைப் படித்து நகரத்துப் பெற்றோர் முகம் சுளித்தார்கள். காட்டுமிராண்டிகள் என்றார்கள். நான் கேட்கிறேன், அந்தக் கிராமத்துப் பெற்றோர் செய்ததற்கும் நகரத்துப் பெற்றோர் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? கிராமத்தார் அந்த அம்மா சமைத்ததை என் பிள்ளை சாப்பிடாது என்றார்கள். நகரத்தார் அந்த அம்மாவின் பிள்ளை படிக்கிற பள்ளியில் என் பிள்ளை படிக்காது என்கிறார்கள். முன்னது செய்தியாகிறது, ஆட்சியர் ஓடிவருகிறார். பின்னது வருடா வருடம் ஃபீஸ் ரசீதாகக் கோப்பில் போகிறது.

“அய்யோ, நாங்க சாதி பாக்கறதில்லைங்க” என்பார்கள். பார்ப்பதில்லைதான். பிறகு எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பட்டியல் வரும். பேன் ஒட்டிக்கொள்ளும், பேச்சு கெட்டுவிடும், சுத்தம் இருக்காது, சேர்க்கை சரியில்லை. ஒட்டிக்கொள்ளும், கெட்டுவிடும், சுத்தம். நம் கொள்ளுப்பாட்டிகள் தீட்டுக்குச் சொன்ன காரணங்கள் இவையே, ஒன்றுகூட மாறவில்லை. பேன் ஃபீஸ் ரசீது பார்த்து ஏறுவதில்லை என்பது, உயர்ந்த பள்ளியில் பெண் பிள்ளையைப் படிக்கவைக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் தெரியும். வசைச் சொற்களுக்கோ இப்போது பள்ளி வேண்டியதில்லை, கையில் உள்ள போன் போதும்.

இதோடு நிறுத்தினால் நான் பாதியைச் சொல்லி ஏமாற்றியவனாவேன். ஒரே பள்ளிக்குள் எல்லாரையும் கொண்டுவந்து உட்காரவைத்தால் போதும், மீதி தானாக நடக்கும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அந்நியர் அல்ல. அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரே மணிக்கு எழுந்து ஒரே மணிக்கு உட்கார்ந்தவர்கள். அதற்கு நான்கு வருடம் முன்பே, மாணவர்கள் கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிவருவதைத் தடுக்கும்படி பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. உடனே எதிர்ப்பு வந்தது. அப்போதைய கல்வி அமைச்சரே பழைய நிலை தொடரும் என்று பின்வாங்கினார். ஒரே சீருடைக்குள் நான்கு நிறக் கயிறு. நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை எடுங்கள், வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவையுங்கள் என்றெல்லாம் சொன்னார். அரசே ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று பலகை மாட்டித் தனித்தனித் துறையில் பள்ளி நடத்திவருகிற மாநிலம் இது. இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கிறோம் என்று 2023 நிதிநிலை அறிக்கையில் சொன்னதும் யார் யார் எதிர்த்தார்கள் என்பதைத் தேடிப் படித்துப் பாருங்கள், நல்ல பாடம் கிடைக்கும்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே இதைச் சொல்லிவிட்டார். இரண்டு கூட்டத்தாரைச் சும்மா அருகருகே நிறுத்தினால் வெறுப்பு போகாது, சில நேரம் கூடும். இருவரும் அந்த இடத்தில் சமமாக நடத்தப்பட வேண்டும், சேர்ந்து ஒரு காரியத்துக்காக உழைக்க வேண்டும், மேலே இருக்கிறவர்கள் அந்தச் சேர்க்கைக்கு வெளிப்படையாகத் துணை நிற்க வேண்டும். நம் பள்ளிகளில் பல நேரம் இது தலைகீழ். மார்க் பார்த்து ‘ஏ’ செக்‌ஷன், ‘டி’ செக்‌ஷன் என்று பிரிப்பதும், ஒரே அரசுப் பள்ளியில் ஆங்கில வழி ஒரு மாடி, தமிழ் வழி ஒரு மாடி என்று வைப்பதும் கலவையைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து உள்ளே விடாமல் நிறுத்துவதுதான்.

ராமேஸ்வரத்தில் சிறுவன் அப்துல் கலாமைக் கோயில் குருக்களின் மகன் பக்கத்திலிருந்து எழுப்பிப் பின் பெஞ்சுக்கு அனுப்பிய ஆசிரியரின் கதை எல்லாருக்கும் தெரியும். ஆண்டு விழாக்களில் சொல்லிச் சொல்லி அலுத்த கதை. அதில் நாம் அந்த ஆசிரியரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். எனக்கு முக்கியம் குருக்கள். லட்சுமண சாஸ்திரி, ராமநாதசுவாமி கோயில் அர்ச்சகர். அவர் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பெற்றோரின் விருப்பம்தான் அதுவும்! தன் பிள்ளை பக்கத்தில் வேறு மதத்துப் பிள்ளை உட்கார வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆசிரியரின் மனத்தை எத்தனை சுற்றறிக்கை மாற்றியிருக்கும் என்று தெரியாது, ஒரு தகப்பன் மாற்றினார். அவர் மகன் அந்தப் பள்ளியில் படித்ததால்தான் அவரால் கேட்க முடிந்தது.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் இதே விஷயம் ஒரு விதியாகவே இருக்கிறது. ஒரு பொதுப் பள்ளியின் தரம் குறைந்தால் முதலில் வெளியேறுவது யார்? தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள். உள்ளே இருந்தால் தலைமையாசிரியர் அறைக்குப் போய் உரக்கக் கேட்டிருக்கக்கூடியவர்களும் அவர்களே. குரல் உள்ளவர்கள் வாசலுக்கு வந்துவிட, பள்ளி குரலற்றவர்களின் கையில் மிஞ்சுகிறது. பிறகு வாசலில் நின்றுகொண்டு, பார்த்தீர்களா, அங்கே ஒன்றும் சரியில்லை என்கிறோம்.

இதில் உவமையே வேண்டாம், வெறும் எண்ணாகவே பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். 61ஆவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியர் வர வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்பது என்ன பாடு என்று ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் நான்காம் வகுப்பு ரகளையாகியிருக்கும். இப்போது 63 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து மூன்று வீட்டார் வேனுக்கு மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆசிரியர் உபரி. பணி நிரவலில் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன மூன்று பிள்ளைக்கும் ஆங்கிலப் பாட்டு வந்திருக்கலாம். இருந்த அறுபது பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் போய்விட்டார். என் பிள்ளை, என் பணம், என் இஷ்டம் என்பவருக்கு இந்த அறுபது பிள்ளைகளின் கணக்கும் சேர்ந்தே வருகிறது. இதைத் தனிப்பட்ட விஷயம் என்பது எந்தத் தர்க்கத்தில் சேர்த்தி?

எதிர்ப்பக்கத்தின் வலுவான கேள்வி எனக்குத் தெரியும். “உங்க கொள்கைக்கு என் பிள்ளைய பரிசோதனை எலியாக்க முடியுமா?” நியாயமான கேள்வி. கழிப்பறைக்குத் தண்ணீர் வராத பள்ளியும், கணக்கு ஆசிரியர் இல்லாத உயர்நிலைப் பள்ளியும் கற்பனை அல்ல. ஒற்றை ஆளாய் ஒரு தாய் தன் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் பள்ளி மாறிவிடாது, பிள்ளைதான் கஷ்டப்படும். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் எலி என்ற பேச்சில் ஒரு பிழை இருக்கிறது. பரிசோதனை ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. குரல் உள்ள பெற்றோர் எல்லாரும் போய்விட்டால் ஒரு பள்ளி என்னவாகும் என்ற பரிசோதனை. அதில் எலிகள் வேறு வீட்டுப் பிள்ளைகள். அதைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

இதற்கு மருந்தாக நாடாளுமன்றம் 2009இல் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஇ) ஒன்றைக் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், செலவை அரசு திருப்பித் தரும். தில்லியில் பலன் காட்டிய அதே யோசனை. தனியார் பள்ளிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் எதிர்த்தன. 2012இல் நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது, ஆனால் அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்தது. 2014இல் உதவி பெறுகிற சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விலக்கு விரிந்தது. தமிழ்நாட்டில் குலுக்கல் போட்டுச் சேர்க்கிறார்கள். சேர்ந்த பிள்ளைக்கு ஆர்டிஇ பிள்ளை என்று ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. வேன் கட்டணம், சுற்றுலா, ஆண்டு விழா உடுப்பு எல்லாம் தகப்பன் தலையில். மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்கு மல்லுக்கு நின்றதில் 2025-26இல் சேர்க்கை தொடங்கவே அக்டோபர் ஆகிவிட்டது. அரசு தன் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து, கூடவே பணமும் கொடுத்துத் தனியாரிடம் அனுப்புகிறது என்று அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள். அவர்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்: உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் வாங்கும் அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் எல்லாரும் உத்தரப் பிரதேசத்தில் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், தனியாரில் சேர்த்தால் அங்கே கட்டும் ஃபீஸ் அளவுக்கு அரசுக்கும் கட்ட வேண்டும் என்று நீதிபதி சுதீர் அகர்வால் தீர்ப்பு எழுதினார். அமலுக்கு வரவில்லை. வரும் என்று யாரும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. கட்டாயப்படுத்துவது சுதந்திரத்துக்கு விரோதம் என்பார்கள். மளிகைக்கடைக்காரரையும் ஆட்டோ ஓட்டுநரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். பள்ளியை நடத்துகிறவரை? தான் நடத்தும் மெஸ்ஸில் தன் பிள்ளைக்குச் சோறு போடாத முதலாளியை நம்பி நாம் டோக்கன் வாங்குவோமா?

மறுபடி தில்லிப் பந்தயத்தின் பரிசுத் தொகைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2020இல், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் விரிந்தது. 2022இல் அரசுப் பள்ளிப் பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். நடுவில் கொரோனாவில் ஃபீஸ் கட்ட முடியாமல் லட்சக்கணக்கான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை தனியார், ஆறிலிருந்து அரசு என்று கணக்குப் போடுகிற பெற்றோரையும் இப்போது பார்க்கலாம். பேன், பேச்சு, சுத்தம் எல்லாம் என்ன ஆயிற்று? ஒரு எம்பிபிஎஸ் இடத்துக்கு முன்னால் தீட்டு கழிந்துவிட்டது. நான் இதைக் கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. இதில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. கட்டுப்படியாகும் வரை வைத்திருந்து, விலை ஏறியதும் கைவிடுகிற ஒன்று மனத்தின் ஆழத்தில் வேரோடிய கொள்கையாக இருக்க முடியாது. அது ஒரு சொகுசு. சொகுசுக்கு வரி போடலாம்.

நம்மிடம் பழைய முன்னுதாரணமும் உண்டு. விருதுநகர் நாடார்கள் 1889இல் க்ஷத்ரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். கோயிலுக்குள்ளும் பொது இடங்களிலும் நாடார்களை விடாத காலம். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய பள்ளி. தங்களை ஒதுக்கியவர்களைத் தாங்களும் ஒதுக்குகிறோம் என்று கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை, எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். அங்கே படித்த காமராஜர்தான் 1954இல் குலக்கல்வித் திட்டத்தைத் தூக்கிப் போட்டார், 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், பள்ளிகளில் சீருடையைப் பரப்பினார். ஒரே வகுப்பில் பணக்காரப் பிள்ளை யார், ஏழைப் பிள்ளை யார் என்று தெரியக் கூடாது என்பது சீருடையின் நோக்கம். இன்று காலை எட்டரைக்கு எந்த பஸ் நிறுத்தத்திலும் நின்று பாருங்கள். எந்தச் சீருடை, எந்த ஷூ, எந்த டை என்று பார்த்தாலே தகப்பன் சம்பளத்தைச் சொல்லிவிடலாம். வகுப்புக்குள் மறைத்ததைத் தெருவில் எழுதி ஒட்டிவிட்டோம்.

தனி ஒருவரால் முடியாது என்று முன்பே ஒத்துக்கொண்டேன். ஆகவே நான் தனி ஒருவரைக் கேட்கவில்லை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே வருடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஐந்து பேராவது இருப்பார்கள். அந்த ஐந்து வீட்டாரும் சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகலாம். 58 பிள்ளைகள் உள்ள பள்ளி 63 ஆகும். மூன்றாவது ஆசிரியரைக் கேட்க உரிமை வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடத்தை அவர்களுக்கே விட்டு, மீதியில் உட்கார்ந்து கழிப்பறைத் தண்ணீரைப் பற்றி வட்டாரக் கல்வி அலுவலருக்கு நல்ல ஆங்கிலத்திலோ தமிழிலோ மனு எழுதலாம். உங்கள் பிள்ளையும் பாத்திரம் தேய்க்கும் அக்காவின் பிள்ளையும் ஒரே கபடி அணியில் ஆடலாம், ஆல்போர்ட் கேட்டதும் அதைத்தான். கெட்ட வார்த்தை வந்தால் வீட்டில் கண்டித்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பு வாட்ஸப் குழுவில் இதைப் போட்டுப் பாருங்கள். முதல் கேள்வி, வேன் வருமா என்பதாக இருக்கும். தேவையில்லை. சட்டப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கிறது.